மூன்றாவது பிளக்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அன்புள்ள என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். அடிக்க மனசு வரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் அண்ணன் போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கடைசியாக ஒரு முறை முகம் பார்க்கக்கூட ஏன் வரவில்லை என்று கேட்பதற்காக எழுதவில்லை. கேட்டால் நீ பதில் சொல்ல மாட்டாய், எனக்குத் தலைவலிதான் மிச்சம். போன் செய்தால் எடுப்பதில்லை. ஆனால் கடிதம் வந்தால் பிரிக்காமல் இருக்க உன்னால் முடியாது. மூடிக்கிடக்கும் எதையும் திறந்து பார்க்காமல் விடுகிற ஆளா நீ?

விஷயம் உன் அண்ணனின் கார். பல் டாக்டரின் கிளினிக்குக்கு இப்போது அதில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். பஸ்ஸில் நின்றே என் முழங்கால் போய்விட்டது. வீட்டோடு ஒட்டிய உங்கள் ரிப்பேர் ஷெட்டில் வண்டி சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்தேன். முதலில் ஒழுங்காகத்தான் ஓடியது. இப்போது சிக்னலில் நின்றால் இருமுகிறது, மேட்டில் மூச்சு வாங்குகிறது. தெருமுனை மெக்கானிக் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத வச்சிருக்கறதுக்கு நடந்தே போயிடலாம் மேடம்" என்றான். எனக்கு வந்த கோபத்தில் அவன் கையிலிருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது அவன் துணி என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்த வண்டியை நீங்கள் இரண்டு பேரும் எத்தனை தடவை பிரித்துப் பூட்டியிருக்கிறீர்கள். ஸ்பார்க் பிளக்கைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். எப்படி என்று எழுது. வேறு எதுவும் எழுதப் பிடிக்காவிட்டால் அதை மட்டும் எழுது.

உன் அண்ணி


ஜனவரி 24

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. இங்கே குவாரியில் ஜெனரேட்டர் அறையில்தான் வேலை, படுக்கையும் அதை ஒட்டித்தான். போன் சிக்னல் கிடையாது. எடுக்கவில்லை என்று சொன்னதால் சொல்கிறேன்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு தொடுங்கள். சூட்டில் கழற்றினால் மரை போய்விடும். நாலு ஒயரையும் ஒரே நேரத்தில் பிடுங்காதீர்கள். ஒன்றைக் கழற்றி, வேலையை முடித்து, திரும்ப மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை முதலில் ஊதித் தள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் உள்ளே விழும். பிளக் ஸ்பானர் சுவரில் இரண்டாவது ஆணியில் தொங்கும்.

வெளியே எடுத்ததும் நிறம் பாருங்கள். பிஸ்கட் நிறம் இருந்தால் நல்லது. கருப்பாக இருந்தால் துடையுங்கள். பிறகு கேப். நடுவில் நிற்கும் கம்பிக்கும் மேலே வளைந்திருக்கும் கொக்கிக்கும் நடுவே உள்ள இடைவெளி. அங்கேதான் பொறி தாண்டுகிறது. ஃபீலர் கேஜ் என்கிற அந்த அளவுத் தகட்டுக் கொத்தில் எண்பது என்று போட்ட தகட்டை அதில் விட்டு இழுங்கள். லேசாகப் பிடித்து வர வேண்டும். தொளதொளவென்று வந்தால் கேப் அதிகம், நுழையவே இல்லையென்றால் குறைவு. வளைப்பது கொக்கியை மட்டும். நடுக்கம்பியில் கை வைத்தால் பீங்கான் உடையும். மாட்டும்போது முதலில் விரலாலேயே திருகுங்கள், கடைசியில்தான் ஸ்பானர்.

மூன்றாவது மட்டும் கேப் குறைவாக இருக்கும். அது அண்ணன் வைத்தது. அதையும் எண்பது வையுங்கள்.

ஷெட்டைத் திறந்து நடத்த வா என்று மட்டும் எழுதாதீர்கள். அது முடியாது. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

கொழுந்தன்


பிப்ரவரி 9

தம்பிக்கு,

ஷெட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. நீயாகவே எழுதி நீயாகவே மறுத்துவிட்டாய். நல்ல ஆள்தான் போ.

நீ சொன்னபடியே செய்தேன். கிளினிக்கில் பல் பிடுங்கும் கொறடு கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை இது, பயமில்லை. மூன்று பிளக்கில் கேப் ஆவென்று திறந்து கிடந்தது. மூன்றாவதில் மட்டும் தகடு நுழையவே இல்லை. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணனைக் கேட்டால் கேஜ் எல்லாம் உன்னைப் போன்ற சின்னப் பையன்களுக்குத்தான். பிளக்கை பெஞ்சு மரத்தில் டொக், டொக், டொக் என்று தட்டுவார். கட்டைவிரல் நகத்தை இடுக்கில் விட்டுப் பார்ப்பார். போதும் என்று தலையை ஆட்டுவார். அவர் கடைசியாகத் தட்டிய இடைவெளி அப்படியே அங்கே இருந்தது. அதைத் திறந்து எண்பது வைத்தேன். ஏதோ பெரிய துரோகம் செய்த மாதிரி இருந்தது.

வைத்த பிறகு வண்டி நொண்ட ஆரம்பித்தது. மற்ற மூன்றும் சீராக அடிக்க, ஒன்று மட்டும் தவறித் தவறி வந்தது. உன்னைத் திட்டிக்கொண்டே ஒரு வாரம் ஓட்டினேன்.

பிறகு ஒரு காலை வண்டியை எடுத்தால், நொண்டல் இல்லை. அவர் இருந்தபோது எப்படி ஓடுமோ அப்படி ஓடியது. மனசு கேட்காமல் அன்று சாயங்காலம் கழற்றிப் பார்த்தேன். மூன்றாவதில் எண்பது நுழையவில்லை. சரி, நான்தான் தப்பாக வைத்திருப்பேன் என்று மறுபடி கொக்கியைத் தூக்கி எண்பது வைத்தேன். மறுபடி நொண்டியது. நாலைந்து நாளில் மறுபடி தானாகச் சரியானது. மறுபடி பார்த்தேன். கேப் குறைந்திருந்தது.

ஷெட் சாவி என் கழுத்துச் சங்கிலியில் இருக்கிறது. வீட்டில் நான் ஒருத்திதான். கிளினிக் டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறேன், எந்தச் சத்தமும் கேட்பதில்லை.

பிளக்கின் கேப் தானாகக் குறையுமா? சொல்லு.

உன் அண்ணி


பிப்ரவரி 20

அண்ணிக்கு,

குறையாது. ஓட ஓட நுனி தேய்ந்து கேப் கூடும். தானாகக் குறைந்த பிளக்கை நான் பார்த்ததில்லை.

இரண்டு காரணம் இருக்கலாம். மாட்டும்போது கை தவறி எங்கேயாவது இடித்திருப்பீர்கள். அல்லது உள்ளே பிஸ்டன் மேலே வந்து கொக்கியில் முட்டுகிறது. முட்டினால் கொக்கியின் முதுகில் நசுங்கிப் பளபளவென்று ஒரு தடம் இருக்கும். கிளினிக்கில் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடி இருக்குமே, அதை பிளக் ஓட்டையில் விட்டு, டார்ச் அடித்து பிஸ்டன் தலையையும் பாருங்கள்.

இரண்டும் இல்லையென்றால் யாரோ கழற்றுகிறார்கள். அதற்கும் வழி இருக்கிறது. எண்பது வைத்து மாட்டிய பிறகு பிளக் நட்டிலிருந்து இன்ஜின் வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். யாராவது கழற்றி மாட்டினால் கோடு ஒன்றோடொன்று சேராது. இது அண்ணன் எனக்குக் காட்டியது. நாம் போட்ட பார்ட்ஸைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டிக்கொண்டு வந்து, ஓசியில் மாற்றித் தரச் சொல்லும் கஸ்டமர்களைப் பிடிக்க.

நொண்டுவதற்குக் காரணம் வேறு. மூன்றாவதற்குப் போகும் கரண்ட் வழியில் எங்கோ கசிகிறது. கரண்ட் பலவீனமாக இருந்தால் அகலமான கேப்பைத் தாண்ட முடியாது, குறுகியதைத் தாண்டிவிடும். அண்ணன் கேப்பைக் குறைத்தே காலத்தை ஓட்டினார். கசிவைத் தேடலாம் என்று நான் சொன்னதற்குத்தான் அன்று கஸ்டமர் முன்னால் அவ்வளவு சத்தம். நான் சொன்னது சரி. இப்போதும் சொல்வேன்.

கொழுந்தன்


மார்ச் 5

தம்பி,

நீ சொன்னது சரியாகவே இருக்கட்டும். இங்கே நடப்பதைக் கேள்.

கொக்கியின் முதுகில் தடம் இல்லை. டாக்டர் டீ குடிக்கப் போன நேரத்தில் கண்ணாடியைச் சுட்டுக்கொண்டு வந்து பிஸ்டனையும் பார்த்தேன். கரி படிந்து சாதுவாக உட்கார்ந்திருக்கிறது, எங்கும் முட்டவில்லை. கை தவறி இடிக்கவும் இல்லை, குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல மாட்டினேன். ரோஸ் நிறத்தில் கோடும் போட்டேன். பாட்டில் என் கைப்பையில்தான் இருக்கிறது, பை தலைமாட்டில்தான் இருக்கிறது.

மூன்று நாள் நொண்டியது. இன்று காலை நொண்டவில்லை.

கோட்டை இன்னும் பார்க்கவில்லை. பெஞ்சை மட்டும் பார்த்தேன். தூசி படிந்த மரத்தில், அவர் எப்போதும் தட்டும் அந்த ஓரத்தில், புதிதாகச் சின்னச் சின்னப் பள்ளம். அதில் மட்டும் தூசி இல்லை.

எனக்குப் பயமாக இருந்தது. பிறகு பயம் போய்விட்டது. உனக்கு உள்ளதைச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. அவர் இருந்தபோது நான் கிளம்புவதற்கு முன்னால் வண்டியை ஒரு தடவை உறுமவிட்டுக் கேட்பார். வழியில் நின்றுவிடக்கூடாது என்று அவருக்கு அவ்வளவு கவலை. அந்தக் கவலை இன்னும் போகவில்லை போல. இன்று சிக்னலில் வாய்விட்டே பேசினேன். "உங்க வேலைய நீங்க பாருங்க, நான் இனிமே கை வைக்கல" என்றேன். பக்கத்தில் பைக்கில் நின்றவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

அண்ணிக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைப்பாய். நினைத்துக்கொள். அவர் இங்கே இருக்கிறார். ஒரு தடவை வந்து உன் காதால் கேள். அவரோடு உனக்கு இருக்கும் சண்டையை நேரிலேயே தீர்த்துக்கொள்.

உன் அண்ணி


மார்ச் 17

அண்ணிக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

அவர் இருக்கிறார் என்றால் நான் வர முடியாது. அன்று அவர் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. "நான் இருக்கற வரைக்கும் இந்த ஷெட்டுல நீ கால் வைக்கக் கூடாது." நான் வைக்கவில்லை. அவர் கூப்பிடுவார் என்று இருந்தேன். அவர், இவனே வரட்டும் என்று இருந்திருப்பார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே, வீம்பில் குறைச்சல் இல்லை.

செய்தி வந்த அன்று பையில் துணி வைத்துவிட்டேன். லாரியும் நின்றது. ஏறவில்லை. வந்து பார்த்தால் அவர் இல்லை என்று ஆகிவிடும். வராமல் இருந்தால், அங்கே எப்போதும் போல பெஞ்சில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பார். அப்படியே வைத்துக்கொண்டேன். இந்த ஜெனரேட்டர் நின்று அடங்கும்போதெல்லாம் பின்னால் அவர் செருமுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் இருக்காது என்று தெரியும்.

ஆகவே உங்களைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனால் நீங்கள் கோட்டைப் பார்க்காமல் இருக்கிறீர்கள், நான் திரும்பிப் பார்க்காமல் இருக்கிறேன். இப்படியே எவ்வளவு நாள் இருப்பது? பாருங்கள் அண்ணி. கோடு கலையாமல் இருந்து கேப் மட்டும் குறைந்திருந்தால், நான் படித்த தொழிலில் அதற்குப் பதில் இல்லை. அண்ணன்தான் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன், இந்தப் பக்கமே வர மாட்டேன். கோடு கலைந்திருந்தால் மனிதக் கை.

இன்னொன்று. சாயங்காலம் இருட்டு மசங்கும் நேரத்தில் ஷெட் கதவை நன்றாகத் திறந்துவைத்து, விளக்கைப் போடாமல், இன்ஜினை ஓடவிட்டு டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைப் பாருங்கள். நாலு ஒயரும் வந்து சேரும் அந்தக் கருப்பு மூடி. கை வைக்காதீர்கள், ஷாக் அடிக்கும். கசிவு இருந்தால் நீலமாகத் தெரியும்.

கொழுந்தன்


மார்ச் 30

தம்பி,

பார்த்தேன்.

கோடு கலையவில்லை. பிளக் நட்டிலிருந்து இன்ஜின் வரை நேராக, ஒழுங்காக இருந்தது. கழற்றினேன். எண்பது நுழையவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், இரண்டும்தான். உனக்கு எழுதப் பேனாகூட எடுத்துவிட்டேன். நீ இனி வரவே மாட்டாய் என்று அப்போதுதான் உறைத்தது. எழுதாமல் பிளக்கை மறுபடி கையில் எடுத்தேன்.

நட்டின் அடுத்த பட்டையில், மடிப்புக்குள், ரோஸ் நிறம் துளி ஒட்டியிருந்தது. துடைத்தது போக மிச்சம். பல் சுரண்டும் ஊசியால் இன்ஜின் பக்கத்துக் கோட்டைச் சுரண்டினேன். ஒரு அடுக்கு வந்தது. அடியில் இன்னொரு அடுக்கு. யாரோ கழற்றியிருக்கிறார்கள், மாட்டியிருக்கிறார்கள், நட்டில் இருந்த பழைய கோட்டைத் துடைத்துவிட்டு அதே பாலிஷால் புதுக்கோடு போட்டிருக்கிறார்கள்.

பாட்டில் என் பையில். பை என் தலைமாட்டில். சாவி என் கழுத்தில்.

உள்ளே போய்த் தலையணை உறையைத் திருப்பிப் பார்த்தேன். கரி விரல் தடம். இத்தனை நாளாகக் கண்மை என்று நினைத்துத் துவைத்துப் போட்டிருக்கிறேன். டாக்டரிடம் கேட்டேன். அந்த மாத்திரை சிலரைத் தூக்கத்திலேயே எழுப்பி நடமாட விடுமாம், சமையல்கூடச் செய்வார்களாம், விடிந்ததும் ஒன்றும் நினைவிருக்காதாம். மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

அவர் இல்லை தம்பி. நான்தான்.

நீலமும் தெரிந்தது. கதவைத் திறந்துவைத்து, விளக்கில்லாமல் பார்த்தேன். மூடியில் மூன்றாவது ஒயர் சொருகியிருக்கும் இடத்திலிருந்து மெல்லிய நூல் மாதிரி ஒன்று துடித்துத் துடித்து அணைந்தது. கண்ணுக்கே தெரியாத ஒரு கீறல். நீ அன்று சொன்னது சரி. அவர் இதைக் கேட்டிருந்தால் ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு, எட்டாம் நாள் புது மூடி வாங்கி வந்து, தானே கண்டுபிடித்த மாதிரி மாட்டியிருப்பார்.

மூன்றாவதை எண்பது வைத்துவிட்டேன், முழு விழிப்போடு. நொண்டுகிறது, நொண்டட்டும். ஷெட்டில் யாரும் இல்லை. யாரும் உன்னைத் தடுக்கவில்லை. வா.

உன் அண்ணி


ஏப்ரல் 10

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஜெனரேட்டரை நிறுத்தினேன். செருமல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். எண்ணெய் டின்தான் இருந்தது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அன்று அழ வேண்டியதை இன்று அழுதேன்.

கணக்கை முடித்துக்கொண்டு வருகிறேன். இந்த மாதக் கடைசி ஞாயிறு காலை ரயில். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி டவுனில் கிடைத்தது, புதிது, பையில் வைத்துவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். இந்த மூடியை மாட்டினால் மூன்றாவதும் எண்பதில் ஒழுங்காக ஓடும். மற்ற மூன்றைப் போலவே ஆகிவிடும். அதற்கு மட்டும் தனியாக ஒரு கேப் இனித் தேவைப்படாது. உங்களுக்குச் சம்மதமா? வேண்டாம் என்றால் மூடி பையிலேயே கிடக்கட்டும். எப்படியானாலும் நான் வருகிறேன்.

கொழுந்தன்


ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

இந்தத் தடவை தெரிந்துதான் எழுதினேன்.

மூடியை மாட்டலாம். ஆனால் அதற்கு முன்னால் அவர் வைத்த கேப்பில் வண்டி ஓடும் சத்தத்தை ஒரே ஒரு தடவை நீ கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதனால் நேற்று பெஞ்சில் உட்கார்ந்து நானே வைத்துப் பார்த்தேன். அவர் மாதிரியே மரத்தில் தட்டினேன், நகத்தை இடுக்கில் விட்டேன். ஒரு தடவை அடைத்துக்கொண்டது. ஒரு தடவை அகலமாகிவிட்டது. சாயங்காலம் முழுக்கத் தட்டினேன். வரவில்லை.

மறுபடி எண்பதே வைத்து மாட்டும்போதுதான் கவனித்தேன். அவர் நகம் கனத்த நகம். என் நகம் காகிதம் மாதிரி. அவர் அளவு என் நகத்தில் எப்படி வரும்? அப்படியென்றால் தூக்கத்தில் மட்டும், ஒவ்வொரு தடவையும், அது எப்படிச் சரியாக வந்தது? நான் யோசித்து யோசித்து விட்டுவிட்டேன். நீயும் கேட்காதே.

மாத்திரை இல்லாமல் இப்போது அரைகுறையாகத்தான் தூங்குகிறேன். விடிந்ததும் முதலில் விரல்களைப் பார்க்கிறேன். சுத்தமாக இருக்கின்றன. உள்ளங்கையையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

ஞாயிறு காலை ஸ்டேஷன் வாசலில் வண்டியோடு நிற்பேன். ஹாரன் அடிக்க மாட்டேன். படியிறங்கும்போதே நாலில் ஒன்று தவறித் தவறி அடிப்பது உனக்குக் கேட்கும். அண்ணன் இல்லை என்று அப்போது தெரிந்துகொள். நான் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் தெரிந்துகொள்கிறேன். பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு முன்னால் ஏறி உட்கார், வீட்டுக்குப் போகலாம்.

உன் அண்ணி